புகைவண்டியில் பிறந்த கதை

துப்பறியும் கதைகள் மாணவர்க்கு ஆகா என்று பெரியோர் பலர் கருதுவர். யானும் நெடுங்காலம் அக்கருத்தினனாகவே இருந்தேன். ஒருநாள், இலக்கண நூலின் அடியில் மறைத்துவைத்து அத்தகைய கதையொன்றைப் படித்த மாணவனிடமிருந்து அதனைக் கைப்பற்றினேன். அன்றிரவு ஊருக்குச் செல்லுங்கால், இதில் என்னதான் உளது என்று காணப் புகைவண்டியில் அதனை விரித்தேன். இறங்கவேண்டிய நிலையம் கடந்துபோனதை அடுத்த நிலையத்திலேதான் உணர்ந்தேன்! என் எண்ணம் அன்று தொட்டு மாறலாயிற்று.

இவ்வகைக் கதைகளுள் சிறந்தன கூர்ந்த நோக்கினின்று பிறக்கின்றன. இங்கிலாந்து நாட்டு எழுத்தாளர் அகதா கிறிஸ்தி அம்மையார் (1890–1976), 1931ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஈராக்கினின்று தாயகம் திரும்பினார். அவர்தம் கணவர் அங்கே நினிவே நகரில் அகழாய்வுப் பணியில் ஈடுபட்டிருந்தார். அம்மையார் ஏறி வந்தது ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் என்னும் புகழ்பெற்ற வண்டி. பெருமழை வெள்ளத்தால் இருப்புப்பாதை அரிப்புண்டு, வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. காலம் வீணாயிற்றே என்று அவர் நொந்துகொண்டிருக்கவில்லை. உடன் வந்தோரின் பேச்சையும் போக்கையும் உற்று நோக்கினார். அவற்றைக் கணவர்க்குக் கடிதத்திலும் வரைந்தார்.

அதற்கு முன்னரே, 1929இல், அவ்வண்டி துருக்கி நாட்டில் பனியிற் சிக்கிப் பல நாள் நின்றதுண்டு. 1932இல் அமெரிக்க விமானி லிண்ட்பர்கின் பச்சிளங்குழந்தை கடத்திக் கொல்லப்பட்ட செய்தி உலகையே உலுக்கியது. இவையெல்லாம் அவர் உள்ளத்தில் ஒன்றுகூடி, 1934இல் 'ஓரியண்ட் எக்ஸ்பிரசில் கொலை' என்னும் நூலாக வெளிவந்தன.

பனியில் நின்ற வண்டி எத்துணைப் பொருத்தமான களம்! புறத்தேயிருந்து எவரும் வருதற்கில்லை. உள்ளிருந்து எவரும் போதற்கில்லை. காவலர் துணையும் இல்லை. பெல்சிய நாட்டுத் துப்பறிவாளர் புவாரோவுக்கு உதவுவது அவருடைய அறிவு ஒன்றே. அவர் கண்ட துப்புக்களை நாமும் காண்கிறோம். எனினும் அவரைப்போல் கோத்துப் பார்க்கத் தவறுகிறோம். இறுதிப் பக்கத்தில் முன்பின் அறியாத ஒருவனைக் கொணர்ந்து நிறுத்தி, 'இவனே கொலைஞன்' என்பது கதையன்று, ஏமாற்று. அத்தகைய நூல்களும் மலிந்துள்ளன. அவற்றை யான் இன்றும் வெறுக்கிறேன்.

கொலையைப் பொழுதுபோக்காக்குதல் தகுமோ என்று நீங்கள் வினவலாம். எளிதில் தள்ளத்தக்க வினா அன்று அது. ஆயினும் இந்நூலில் ஒரு குழந்தையின் சாவு வேடிக்கைப் பொருளாகவில்லை. அதனால் உடைந்த உள்ளங்களின் துயரே கதைக்கு அடித்தளம். எங்ஙனம் என்று விளக்கின் முடிவைச் சொன்னவனாவேன், ஆதலின் சொல்லேன். மேலும், ஆராயாது உரைத்த ஆணையால் கோவலன் உயிரிழந்தமையை நீங்கள் அறிவீர்கள். சான்று காணாது ஒருவனைக் குற்றவாளி என்னாத மனப்பழக்கம், இக்கதைகளைப் படிப்போர்க்குத் தானே வந்து வாய்க்கிறது.

ஊரிலிருந்து மீண்டதும் அம்மாணவனிடம் நூலைத் திருப்பித் தந்தேன். இலக்கண வகுப்பில் கதை படித்ததற்குத் தண்டனையும் தந்தேன்: கதையில் வந்த துப்புக்களையெல்லாம் வரிசைப்பட எழுதிக் கொணர்க என்றேன். எழுதி வந்தான். யான் கவனியாது விட்ட ஒன்றும் அதில் இருந்தது.