தொகுதி தெரிகிறது, பகுதி எங்கே?

வடிவமைப்புப் படிப்பைப் பற்றிச் சென்ற இதழில் நண்பர் எழுதியது கட்டுரையா, சேர்க்கைக் கையேடா என்பது கடைசி வரி வரை எனக்குப் பிடிபடவில்லை. தனியார் கல்லூரிகளில் பி.டெஸ். என்ற வடிவமைப்பு இளநிலைப் பட்டம் படித்த ஏறக்குறைய எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடுகிறதாம். எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்களாம்.

யார் அந்த ‘எல்லோரும்’? பின்னக் கணக்கில் மேலே தொகுதி, கீழே பகுதி என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். நண்பர் தொகுதியைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் பகுதியை விழுங்கிவிட்டார். ஒரு பேச்சுக்கு, 60 பேர் சேர்கிறார்கள். 8 பேர் நடுவில் நின்றுவிடுகிறார்கள். முடித்த 52 பேரில் 30 பேர் வேலைவாய்ப்புப் பிரிவில் பதிகிறார்கள். 28 பேருக்கு வேலை. பதிந்தவர்களால் வகுத்தால் 93 சதவீதம். சேர்ந்தவர்களால் வகுத்தால் 47கூட முழுதாக வராது. எது விளம்பரப் பலகையில் ஏறும்?

சம்பளக் கதையும் இதுதான். ஒன்பது பேருக்கு 3 லட்சம், ஒருவருக்கு 33 லட்சம் என்றால் சராசரி 6 லட்சம். அந்த 6 லட்சத்தை வாங்குகிற ஆள் அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் இல்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை கல்லூரிகளிடம் இடைநிலை ஊதியத்தை, அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் ஊதியத்தை, கேட்கிறது. எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்றும் கேட்கிறது. நண்பருக்கு இது தெரியாது என்று நம்ப நான் தயாரில்லை.

அடுத்து, ‘எல்லாத் தரப்பு’. அதற்கு அவர் காட்டும் சான்று, பல மாநிலப் பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் புகைப்படம். மாநிலம் வேறானால் தரப்பும் வேறாகிவிடுமா? அரசு நிறுவனங்களின் வாசலே குறுகலானது. ஐ.ஐ.டி. பி.டெஸ். படிப்புக்கு 2015இல் தொடங்கிய யூசீட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகிறது. நீட்டைத் தமிழில் எழுதலாம், ஜே.இ.இ. மெயினையும் தமிழில் எழுதலாம். நாற்காலி வரைவதற்குத்தான் ஆங்கிலம் வேண்டுமாம்! ஆனாலும் அங்கே இட ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டு இட ஒதுக்கீட்டுச் சட்டம் நண்பர் மெச்சும் தனியார் பல்கலைக்கழகங்களின் படியேறாது.

உள்ளே போன பிறகாவது சமமா? மடிக்கணினி, மென்பொருள், மாதிரி செய்யும் பொருள், அச்சுச் செலவு என்று ஒவ்வொரு பருவமும் பணம் கேட்கும். செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைப் பார்த்துத்தான் வேலை தருகிறார்கள். அதில் வைக்க நல்ல நிறுவனத்தில் பயிற்சி வேண்டும். சம்பளமில்லாத பயிற்சிக்காகப் பெங்களூரில் மூன்று மாதம் வாடகை கொடுத்துத் தங்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? நண்பர் ஒரு பக்கத்தில் வேலையையும் இன்னொரு பக்கத்தில் தரப்பையும் எழுதியதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் கட்டுரை நிற்காது.

இன்னொன்று. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் பட்டப்படிப்பு அரசுக் கட்டணத்தில் நடக்கிறது. தமிழில் வடிவமைப்புக் கல்வி பற்றி எழுதுகிறவர் அந்தப் பெயரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. மறதி என்றே வைத்துக்கொள்வோம்.

நண்பர் ஒரே ஓர் அட்டவணை தரட்டும்: தமிழ்வழியில் படித்தவர்கள், முதல் பட்டதாரிகள், கல்விக்கடன் வாங்கியவர்கள் ஆகியோரில் சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, இடைநிலை ஊதியம் என்ன. அது வரும்வரை, பெற்றோரே, பணம் கட்டுமுன் கல்லூரி அலுவலகத்தில் பகுதி எண்ணைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.