மலிவான துப்பாக்கியும் உரிமையாளரின் சாட்சியமும்

பல்கலைக்கழகத்தில் என்னோடு கலைப்பீடத்தில் படித்த நண்பர் ஒருவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நீண்டகாலமாக வாழ்ந்து வருகிறார். எரிபொருள் நிரப்பு நிலையம் ஒன்றின் கடையை இரவு வேளைகளில் கவனித்துக்கொள்வது அவரது தொழில். சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் உரையாடியபோது, தாம் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கியிருப்பதாகத் தயக்கத்தோடு சொன்னார். “மச்சான், இருநூறு டொலருக்கு இதைவிட நல்லது கிடையாது. வைத்திருக்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்” என்றார்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. கைத்துப்பாக்கி என்ற சொல்லை நான் பத்திரிகைத் தொழிலில்தான் கற்றுக்கொண்டேன். ‘இனந்தெரியாத ஆயுததாரிகள்’ என்ற சொற்றொடருக்கு அடுத்தபடியாக வந்த சொல் அது. அந்த ஆயுதம் யாருடையது, என்ன விலை, எங்கே செய்யப்பட்டது என்று கேட்க எமக்கு வாய்ப்பும் இருக்கவில்லை, துணிவும் இருக்கவில்லை. அமெரிக்காவிலோ அது விலைச்சீட்டோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு கடைப்பொருள். தையல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் அதன் தரத்தைப் பற்றி அதன் உரிமையாளர்கள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

நண்பர் வாங்கியது ஹைபொயின்ற் நிறுவனத்தின் ‘சி9’ என்ற 9 மில்லிமீற்றர் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. அவர் வாழும் ஒஹையோ மாநிலத்தின் மான்ஸ்பீல்ட் நகரைச் சார்ந்த நிறுவனம் அது. புகழ்பெற்ற ஒஸ்திரியத் தயாரிப்பான குளொக்கின் விலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கொடுத்தால் இதை வாங்கிவிடலாம். எட்டு ரவைகள் கொள்ளும் மகசின். எடை 800 கிராமுக்குச் சற்று அதிகம்.

இவ்வளவு மலிவாக அதை எவ்வாறு விற்க முடிகிறது? பெரும்பாலான 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கிகளில், ரவை வெடிக்கும் கணத்தில் குழலும் மேற்பகுதியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கும்; அமுக்கம் தணிந்த பின்னரே அவை பிரியும். சி9 இல் அந்தப் பூட்டு இல்லை. ஸ்லைட் எனப்படும் மேற்பகுதியின் பாரமும் அதன் பின்னாலுள்ள சுருளின் விறைப்பும் மட்டுமே அந்தக் கணத்தைத் தாங்குகின்றன. எனவே ஸ்லைட் மிகப் பாரமானதாக இருந்தேயாக வேண்டும். அதுவும் உருக்கிலிருந்து கடைந்தெடுக்கப்படுவதில்லை. நாகக் கலப்புலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படுகிறது. உறுப்புகளும் குறைவு, வேலையும் குறைவு, விலையும் குறைவு.

உரிமையாளர்கள் சொல்வதை இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கலாம். நிறைகள் என்று அவர்கள் கூறுபவை இவை: குழல் அசையாமல் நிலையாக இருப்பதால் குறி தப்புவது குறைவு, பாரம் காரணமாகப் பின்னுதைப்பு மென்மையாக இருக்கிறது, பழுதடைந்தால் நிறுவனம் வாழ்நாள் முழுவதும் இலவசமாகத் திருத்தித் தருகிறது, அதை வாங்கியவர் முதலாவது உரிமையாளரா ஐந்தாவது உரிமையாளரா என்று கேட்பதுமில்லை. குறைகள் என்று கூறுபவை: தோற்றம் அழகற்றது, மேற்பாரம் மிகுதியால் கையில் சமநிலை இல்லை, சுத்தம் செய்வதற்குக் கழற்ற வேண்டுமாயின் ஒரு முளையைத் தட்டி வெளியேற்ற வேண்டும், மகசினின் வாய் விளிம்பு சற்று வளைந்திருந்தாலும் ரவை சிக்கிக்கொள்கிறது. அந்த விளிம்பைக் குறடால் திருத்திக்கொள்வதை ஒரு கைவைத்தியம்போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘முதல் சில நூறு ரவைகளைச் சுட்டுப் பழக்கினால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் வார்த்தையும் அடிக்கடி கேட்கிறது.

இந்தச் சாட்சியங்களை நான் பொய்யென்று ஒதுக்கமாட்டேன். தமது குறைந்த வருமானத்தில் பணம் சேர்த்து வாங்கியவர்கள் தமது கையனுபவத்தைச் சொல்கிறார்கள். விலையுயர்ந்த துப்பாக்கிகளை வைத்திருப்போர் இவர்களை ஏளனம் செய்வதுண்டு. அந்த ஏளனத்தில் தொழில்நுட்பம் பாதியும் வர்க்கத் திமிர் பாதியும் கலந்திருக்கின்றன. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் அரசியலமைப்பு உரிமை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை ஏற்றுக்கொள்ளும் ஒருவர், அறுநூறு டொலர் செலவிடக்கூடியவருக்கு மாத்திரமே அது உரியது என்று வாதிட முடியாது. இரவு முழுவதும் தனியே கல்லாப்பெட்டியின் முன் நிற்பவர் என் நண்பர்தான். அவருடைய முதலாளி அல்ல.

ஆனால் ‘நம்பகமானது’ என்ற சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. விசையை இழுக்கும்போது அது சுடுமா என்பது முதலாவது. விசையை இழுக்காதபோது அது சுடாமல் இருக்குமா என்பது இரண்டாவது. உரிமையாளர்களின் பேச்சில் பத்தில் ஒன்பது பங்கு முதலாவது கேள்வியைப் பற்றியது. ஐந்நூறு ரவைகளைச் சுட்டேன், இரண்டு தடவை மட்டுமே சிக்கியது என்று ஒருவரால் சொல்ல முடியும். இரண்டாவது கேள்வியை எந்த உரிமையாளரும் தாமாகப் பரிசோதித்துப் பார்ப்பதில்லை. நிரப்பிய துப்பாக்கியைக் கொங்கிறீற் தரையில் போட்டுப் பார்க்க யார்தான் துணிவார்? அதற்குரிய விடை ஒரு விபத்தின் பின்னரே தெரியவருகிறது.

இதற்கு வரலாறு உண்டு. 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மலிவான சிறு கைத்துப்பாக்கிகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. உள்நாட்டில் அவற்றைச் செய்வதற்குத் தடை விதிக்கவில்லை. அந்த இடைவெளியில் 1970 இல் கலிபோர்னியாவில் ரேவன் ஆர்ம்ஸ் நிறுவனம் முளைத்தது. அதைத் தொடர்ந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்து வேறு பல நிறுவனங்கள் தோன்றின. ‘நெருப்பு வளையம்’ என்று பின்னர் பெயர்பெற்ற கூட்டம் அது. அவற்றின் துப்பாக்கிகளும் பெரும்பாலும் நாகக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டவையே.

அவற்றுள் ஒன்று பிரைக்கோ. 1994 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வில்லிற்ஸ் என்ற சிற்றூரில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த இளைஞர் ஒருவர் அந்நிறுவனத்தின் துப்பாக்கியிலிருந்த ரவையை அகற்ற முற்பட்டார். ரவையை அகற்றுவதற்குப் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தேயாக வேண்டும் என்பது அத்துப்பாக்கியின் அமைப்பு. பூட்டைத் திறந்தார், துப்பாக்கி வெடித்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். ரவை சிக்கிக்கொள்ளும் குறைபாட்டைச் சீர்செய்யாமல், அதை மறைப்பதற்காகவே பூட்டின் அமைப்பு அவ்வாறு மாற்றப்பட்டது என்று வழக்கில் சிறுவனின் தரப்பு வாதிட்டது. 2003 ஆம் ஆண்டில் ஜூரர்கள் அந்த வடிவமைப்பைக் குறைபாடுடையது எனக் கண்டனர். மொத்த நட்டஈடு சுமார் 24 மில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டு, பொறுப்பு பலரிடையே பகிரப்பட்டது. நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. அதன் சொத்துகள் 2004 இல் ஏலத்துக்கு வந்தபோது, அவற்றை வாங்கித் துப்பாக்கிகளை உருக்கிவிட அந்தச் சிறுவனின் தரப்பு நிதி திரட்டிப் போட்டியிட்டது. ஐந்து இலட்சம் டொலருக்குச் சற்று அதிகமான தொகைக்கு அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நிறுவனத்தின் முன்னாள் மேற்பார்வையாளர்.

இது நாகக் கலப்புலோகத்தின் குற்றம் மாத்திரமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரேசிலின் தோரஸ் நிறுவனத்தின் துப்பாக்கிகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் அயோவா மாநிலத்தில் சந்தேக நபரைத் துரத்தி ஓடிய பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் தோரஸ் துப்பாக்கி கீழே விழுந்து தானாகவே வெடித்தது. 2013 இல் அவர் தொடுத்த வழக்கு 2015 இல் இணக்கத்துக்கு வந்தது. ஒன்பது மாதிரிகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஒரு மில்லியன் துப்பாக்கிகளை அந்த இணக்கம் உள்ளடக்கியது. நிறுவனம் தன்மீதான குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. அத்துப்பாக்கிகளின் உரிமையாளர்களில் மிகப் பெரும்பான்மையோர், வழக்குக்கு முதல் நாள் வரை, தமது கைத்துப்பாக்கி நம்பகமானது என்றே நேர்மையாகச் சாட்சி சொல்லியிருப்பார்கள்.

என் நண்பரின் துப்பாக்கியில் இத்தகைய குறைபாடு இருக்கிறது என்று நான் கூறவில்லை. உரிமையாளரின் சாட்சியத்தால் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடைகூற முடியாது என்றே கூறுகிறேன்.

அப்படியானால் விடைகூற வேண்டியவர் யார்? இங்கேதான் எம்மவர் பலர் அறியாத விநோதம் ஒன்று இருக்கிறது. 1972 ஆம் ஆண்டில் அமெரிக்க காங்கிரஸ் பாவனைப் பொருட்களின் பாதுகாப்புக்கென ஓர் ஆணைக்குழுவை நிறுவியது. குழந்தைத் தொட்டில், மின்விசிறி, விளையாட்டுப் பொருள் என எதிலே ஆபத்து இருந்தாலும் அதைச் சந்தையிலிருந்து மீளப்பெறச் செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு. சட்டம் துப்பாக்கியை அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. பொம்மைத் துப்பாக்கி பழுதென்றால் மீளப்பெறுமாறு பணிக்கலாம். உண்மைத் துப்பாக்கி பழுதென்றால் தயாரித்தவர் தாமாக முன்வர வேண்டும், இல்லையேல் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்ல வேண்டும். உரிமையாளர்களின் வாய்மொழி இவ்வளவு பெறுமதி பெற்றிருப்பதற்குக் காரணம் இதுவே. சோதிக்க வேண்டிய நிறுவனம் இல்லாத இடத்தில், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது சோதனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மாநிலங்கள் சில தாமே முயன்றிருக்கின்றன. இல்லினோய்ஸ், தென் கரோலினா போன்றவை, 800 பாகை பரனைற்றுக்குக் கீழே உருகும் உலோகத்தில் வார்த்த கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்யச் சட்டமியற்றின. இது எனக்கு உடன்பாடானதல்ல. உருகுநிலை பாதுகாப்பின் அளவுகோல் அல்ல. ஏழைகள் வாங்கும் பொருளை இனங்கண்டு விலக்கும் அளவுகோலாகவே அது இயங்குகிறது. கலிபோர்னியாவின் 1999 ஆம் ஆண்டுச் சட்டம் இதனைவிட நேர்மையானது. ஒரு மாதிரியில் மூன்று துப்பாக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 ரவைகள் சுடப்பட வேண்டும். முதல் 20 ரவைகளில் ஒரு தடங்கலும் ஏற்படக்கூடாது. மொத்தத்தில் ஆறுக்கு மேல் ஏற்படக்கூடாது. பின்னர் ஒரு மீற்றருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து கொங்கிறீற்றில் விழச்செய்து, வெடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட இரு கேள்விகளையும் இச்சோதனை கேட்கிறது. உலோகம் எது, விலை என்ன என்பது அதற்கு முக்கியமல்ல.

இதனால் விலை ஏறும், தெரிவு குறையும் என்று துப்பாக்கி உரிமையாளர்கள் ஆட்சேபிக்கிறார்கள். அதே சட்டத்தில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட வேறு நிபந்தனைகளைப் பற்றிய அவர்களது கோபத்தில் நியாயமும் இருக்கலாம். ஆனால் விழுத்திப் பார்க்கும் சோதனையால் அதிகம் நன்மை பெறுபவர் இருநூறு டொலர் துப்பாக்கியை வாங்குபவரே. பணம் படைத்தவர் நற்பெயரை விலை கொடுத்து வாங்குகிறார். ஏழைக்கு அது இயலாது.

இன்னுமொன்று. உரிமையாளர்களின் சாட்சியத்தில் சிலருடைய குரல் ஒருபோதும் இடம்பெறாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். அந்தத் துப்பாக்கிகள் பழுதின்றி இயங்கின. அவற்றின் நம்பகத்தன்மையைப் பற்றி அந்த வீட்டார் யாரிடமும் பேசுவதில்லை. வில்லிற்ஸ் சிறுவனும் துப்பாக்கியின் உரிமையாளன் அல்லன். பத்திரிகைத் தொழிலில் நாம் முதலில் கற்ற பாடம், பேசுகிறவர்களைக் கேட்டு எழுதிய பின்னர், பேசாதவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது. அதை நாம் எப்போதும் கடைப்பிடித்தோம் என்று சொல்லமாட்டேன்.

நண்பருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினான்கு வயது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று ஏழாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரவில் அவர் நிற்கும் இடத்தில் நான் நின்றதில்லை. வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அலுமாரியின் மேல்தட்டில், துணிகளுக்கு அடியில் என்றார். ரவை நிரப்பியா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, ரவைகளை வேறோர் இடத்தில் வைக்கும்படி சொன்னேன். “பார்க்கிறேன் மச்சான்” என்றார். அடுத்த முறை அழைக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பேன்.