பெயர் சொல்லி அழ ஓர் இடம்

முதல் உலகப்போர் இங்கிலாந்தின் எக்ஸிடர் பேராயர் வில்லியம் செசிலின் வீட்டிலிருந்து மூன்று மகன்களைக் கொண்டுபோனது. 1915-இல் ஒருவர், 1917-இல் ஒருவர், போர் முடிய மூன்று மாதமே இருந்த நிலையில் 1918 ஆகஸ்டில் இன்னொருவர். அந்தப் பிள்ளைகளின் தாய் ஃப்ளோரன்ஸ் செசில் 1919-இல் வேல்ஸ் இளவரசரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்கள் பணமோ பதக்கமோ கேட்கவில்லை. பிள்ளைகளின் கல்லறைகளில் ஒரே அளவாக வெட்டிய கற்களை நடாதீர்கள், சிலுவை நட அனுமதியுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1920 மே 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இது பற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. போர்க் கல்லறைகளைப் பராமரிக்க 1917-இல் தொடங்கப்பட்ட ஆணையம் தன் முடிவிலிருந்து இறங்கி வரவில்லை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒரே உயரம். பணம் இருக்கிறது என்பதற்காக எவரும் உடலை ஊருக்கு எடுத்துப்போக முடியாது. கிறிஸ்தவருக்குக் கல்லின் முகப்பில் சிலுவை செதுக்கப்படும். யூதருக்கும் இஸ்லாமியருக்கும் இந்துவுக்கும் அவரவர் மரபுப்படி. நம்பிக்கை இல்லாதவருக்கு வெறும் கல்.

மூன்று மகன்களை இழந்த தாய் சிலுவை கேட்டதில் தவறு காண யாருக்கும் மனம் வராது. ஆனாலும் ஆணையம் எடுத்த முடிவே கிறிஸ்தவ நெறிக்கு நெருக்கமானது என்பதை நூறாண்டு கழித்துப் பார்க்கும்போது சொல்லத்தான் வேண்டும். இறந்தவர்களுக்குள் பெரியவர், சிறியவர் இல்லை என்பதைத் திருச்சபைகள் பிரசங்கித்தன. அதைக் கல் நட்டுக் காட்டியது ஓர் அரசு ஆணையம். அது குடும்பங்களின் வாயை அடைத்துவிடவும் இல்லை. ஒவ்வொரு கல்லின் அடியிலும் 66 எழுத்துகளுக்குள் வீட்டார் தங்கள் சொற்களைப் பொறித்துக்கொள்ள இடம் விட்டது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உள்ள அந்தக் கல்லறைகளில் குனிந்து படிப்பவர்கள் வேத வசனங்களையும், ஞானப்பாட்டின் அடிகளையும், வீட்டில் மட்டும் வழங்கிய செல்லப்பெயர்களையும் காண்பார்கள். ஆறுதலுக்கான வார்த்தையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை துக்கப்படுகிறவரிடமே விடப்பட்டது.

அந்த உரிமையைப் பலரும் பறிக்கப் பார்த்த காலம் அது. லண்டன் பேராயர் வின்னிங்டன்-இங்ரம் 1915-இல் செய்த பிரசங்கம் இன்றும் வரலாற்று நூல்களில் வருத்தத்தோடு குறிப்பிடப்படுகிறது. ஜெர்மானியரைக் கொல்வதைப் புனிதப்போராக உயர்த்தி, அதில் சாகிறவரை இரத்தசாட்சியாக்கிவிட்டார் அவர். அவர் ஒருவர் மட்டுமல்ல, பல நாடுகளின் பிரசங்க மேடைகள் அன்று இதே குரலில்தான் பேசின. ஜெர்மானியச் சிப்பாயின் இடுப்புவாரில்கூடக் கடவுள் தங்களோடு இருக்கிறார் என்று பொறித்திருந்தது. மகனை இழந்தவளிடம் ‘உன் பிள்ளை இரத்தசாட்சி, அழாதே’ என்று சொல்வது ஆறுதல்போலத் தோன்றலாம். உண்மையில் அது அவள் கண்ணீரை நாட்டின் தேவைக்குப் பயன்படுத்துவது. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு, அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார் என்கிறது யோவான் நற்செய்தி. அங்கே கூடியிருந்தவர்களிடம் அழாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை.

சபை வேறொரு விதத்திலும் கைவிட்டது. சீர்திருத்தக் காலத்திலேயே இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கத்தை இங்கிலாந்துத் திருச்சபை தன் பொது வழிபாட்டிலிருந்து நீக்கியிருந்தது. இறையியல் விவாதத்தில் அதற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சாவுச்செய்தி வந்த ஆண்டுகளில், மகனுக்காகக் கடவுளிடம் ஒரு வார்த்தை பேச ஏங்கிய தாய்க்கு அந்தக் கதவு அடைத்திருந்தது. அவள் வேறு கதவைத் தட்டினாள். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர்களின் வீடுகள் நிரம்பின. புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ், 1915-இல் போரில் இறந்த தன் மகன் ரேமண்டோடு பேசியதாக மறு ஆண்டே ஒரு நூல் எழுதினார். அது பரபரப்பாக விற்றது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அந்த இயக்கத்துக்காக ஊர் ஊராகப் பேசினார். 1917-இல் இங்கிலாந்துத் திருச்சபை வெளியிட்ட அதிகாரபூர்வ ஜெபங்களில் இறந்தவர்களுக்கான மன்றாட்டு இடம்பெற்றது. போர் தொடங்கி மூன்று ஆண்டுகள் கழித்து! சீர்திருத்த மரபினர் சிலர் அதை எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் கொள்கையில் உறுதியானவர்களாக இருக்கலாம், ஆனால் அந்த வீடுகளின் இரவுகளை அவர்கள் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை.

அறிந்திருந்தவர்கள் களத்தில் இருந்தார்கள். படைகளோடு போன குருமாரில் ஒருவர் தியடோர் ஹார்டி. ஐம்பதைக் கடந்த வயதில், எடுப்பான தோற்றமோ பேச்சுத்திறமோ இல்லாத மனிதர். இரவில் அகழி அகழியாகப் போய் வீரர்களோடு இருப்பார். காயம்பட்டவர்களை விட்டு வர மறுப்பார். அவருக்கு வழிகாட்டிய இன்னொரு குரு ஸ்டடர்ட் கென்னடி. வீரர்கள் இருக்கும் இடத்தில் இரு, அவர்கள் போகும் இடத்துக்குப் போ என்பதுதான் அவர் சொன்ன யோசனை. ஹார்டிக்கு விக்டோரியா சிலுவை என்ற வீர விருது கிடைத்தது. அரசர் அவரைத் தன் குருவாக நியமித்தும் அவர் களத்தைவிட்டு வரவில்லை. போர்நிறுத்தத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், குண்டுக் காயத்தால் 54-ஆம் வயதில் இறந்தார். ஸ்டடர்ட் கென்னடி பைபிளோடு சிகரெட்டும் விநியோகித்தவர், அதனால் அந்த சிகரெட்டின் பெயரையே வீரர்கள் அவருக்குச் சூட்டினார்கள். தொடக்கத்தில் அவரும் போரை ஆதரித்தவர்தான். கண்ட கோரங்கள் அவரை மாற்றின. எங்கோ சிங்காசனத்தில் வீற்றிருந்து இதையெல்லாம் நடத்தும் கடவுளை இனிப் பிரசங்கிக்க முடியாது, மனிதரோடு சேர்ந்து பாடுபடும் கடவுளையே பிரசங்கிக்க முடியும் என்று அவர் எழுதத் தொடங்கினார். போருக்குப் பின் சமாதானத்துக்காகவும் தொழிலாளருக்காகவும் ஓயாமல் பேசி, 1929-இல் 45 வயதிலேயே இறந்துபோனார்.

மூன்றாமவர் டேவிட் ரெயில்டன். 1916-இல் பிரான்சின் அர்மான்தியேர் நகருக்கு அருகே, தான் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் அவர் ஒரு புதைகுழியைக் கண்டார். மரச்சிலுவை ஒன்று நட்டிருந்தது. பெயர் தெரியாத பிரிட்டிஷ் வீரர் என்று அதில் பென்சிலால் எழுதியிருந்தது. இவனுடைய வீட்டாருக்கு என்ன சொல்ல முடியும் என்ற கேள்வி நான்கு ஆண்டுகள் அவரை விடவில்லை. 1920 ஆகஸ்டில், வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பெயர் தெரியாத ஒரு வீரனைக் கொண்டுவந்து அரசர்களுக்கு நடுவே அடக்கம் செய்யுங்கள் என்பது அவர் கோரிக்கை.

அரசர் ஐந்தாம் ஜார்ஜ் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். வெவ்வேறு போர்க்களங்களிலிருந்து அடையாளம் தெரியாத உடல்கள் ஒரு சிற்றாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. எது எந்தக் களத்திலிருந்து வந்தது என்று அறியாத தளபதி ஒருவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தார். 1920 நவம்பர் 11 அன்று அந்தப் பேழைக்குப் பின்னால் அரசர் நடந்து போனார். பிரான்சிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்த மண்ணிட்டுக் குழி மூடப்பட்டது. அடுத்த நாட்களில் லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று அதைக் கடந்து சென்றார்கள். உடல் கிடைக்காத ஒவ்வொரு மகனின் தாயும் அது தன் பிள்ளையாக இருக்கலாம் என்று நம்ப இடமிருந்தது. அவன் ஏன் செத்தான் என்ற கேள்விக்கு ரெயில்டன் விடை எதுவும் தரவில்லை. துக்கத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் தந்தார். கிறிஸ்தவ ஆறுதல் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியங்களில் ஒன்று அது.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும்.

போர்க் கல்லறைகளின் நினைவுப் பாறைக்கு வாசகம் தேர்ந்தெடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் ஜான், 18 வயதில் லூஸ் போரில் காணாமல் போனவன். 1936-இல் கிப்ளிங் இறக்கும்வரை அவன் கல்லறை எதுவென்று தெரியவில்லை. அவர் சீராக்கின் ஞானம் நூலின் 44-ஆம் அதிகாரத்திலிருந்து, பெயர் என்றும் நிலைக்கும் என்ற பொருளுள்ள வசனத்தை எடுத்துக்கொடுத்தார். அதே அதிகாரத்தில், நினைவுச்சின்னம் ஏதுமின்றி, பிறவாதவர்போல மறைந்துபோனவர்களைப் பற்றியும் ஒரு வசனம் உண்டு. பாறையில் முதலாவது ஏறியது. இரண்டாவது, மெசொப்பொத்தேமியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நிறைவேறியது.

அன்று மெசொப்பொத்தேமியா எனப்பட்ட இராக்கின் பாஸ்ரா நினைவகத்தைப் பாருங்கள். 1929-இல் திறக்கப்பட்ட அந்தச் சுவர்களில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் இருந்தது, இந்திய அதிகாரிகளுக்கும் இருந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் மட்டுமே. பிரான்சின் நெவ் ஷாப்பேல் நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைப் பொறித்த அதே ஆணையம்தான் இங்கே எண்ணோடு நிறுத்திக்கொண்டது. ஐரோப்பியக் கண்களில் படும் இடத்தில் சமத்துவம், படாத இடத்தில் கணக்கு. 2021 ஏப்ரலில் வெளியான ஆணையத்தின் சொந்த அறிக்கையே இதை ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்களும் ஆசியர்களும் எகிப்தியரும். ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

மெசொப்பொத்தேமியப் போரில் மெட்ராஸ் சேப்பர்ஸ் படையும் இருந்தது. தமிழர்கள் நிறையச் சேர்ந்த படை அது, அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. இந்தியாவின் பல ஊர்களில், தமிழகத்திலும், முதல் உலகப்போர் நினைவுக் கற்பலகைகள் இன்றும் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று சொல்பவை அவை. அங்கும் எண்தான். போனவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கல் சொல்வதில்லை.

நல்லாயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று போதிக்கும் சமயத்துக்கு இது சிறிய குறை அல்ல. ஒருவரைப் பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுக்கிறது சபை. அடக்க ஆராதனையிலும் பெயர் சொல்லியே கடவுளிடம் ஒப்படைக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைக் கழுவிப் பூவைத்து மெழுகுவத்தி ஏற்றுவதும், திருப்பலியில் இறந்தவர் பெயர்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதும் அந்த நம்பிக்கையில்தான். எண்ணுக்காக யாரும் மெழுகுவத்தி ஏற்ற முடியாது.

பெயரைச் சொல்லும் இந்த ஆறுதல் நம் பக்கத்து வீரரோடு நின்றுவிடவும் கூடாது. நாகாலாந்தின் கோஹிமாவில் 1944-இல் நடந்த கொடிய சண்டையில் பிரிட்டிஷ், இந்திய வீரர்களோடு ஜப்பானியரும் பெருந்தொகையாக மடிந்தார்கள். அந்நகரின் கத்தோலிக்கப் பேராலயத்தைக் கட்ட, அங்கே இறந்த ஜப்பானிய வீரர்களின் உறவினர்களும் தோழர்களும் நிதி கொடுத்தார்கள். எதிரிப் படையாக வந்து இறந்தவர்களுக்காகவும் அங்கே ஜெபம் நடக்கிறது. வெற்றி விழாவில் எதிரி மகனின் தாய்க்கு இடம் கிடைக்காது. சிலுவையின் அடியில் கிடைக்க வேண்டும். அங்கே முதலில் நின்றவளும் அரசாங்கம் கொன்ற ஒரு மகனின் தாய்தான்.

சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர் கல்லறைகளை ஒன்றுசேர்த்து 1952-இல் அமைக்கப்பட்டது. 850-க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். முதல் உலகப்போரில் இறந்து, பராமரிக்க முடியாத இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்குள்ள நினைவுச்சின்னத்தில் உள்ளன. பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் போகிறவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் தமிழகத் திருச்சபைகள் செய்யக்கூடிய பெரிய வேலை அந்த வேலிக்கு வெளியே கிடக்கிறது. பழைய ஆலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளும் பங்குக் குறிப்பேடுகளும் பீரோக்களில் பொடிந்துகொண்டிருக்கின்றன. பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளின் பெயர்கள் அவற்றில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆயர்களும் பங்குத்தந்தையரும் இளைஞர்களை உட்காரவைத்து அந்த ஏடுகளைப் புரட்டச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். கிடைக்கும் பெயர்களை, கிறிஸ்தவரோ இந்துவோ இஸ்லாமியரோ, போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டிருந்தால் எழுதித் தெரிவிக்க வேண்டும். வரும் நவம்பரில் ஒரு ஞாயிறு ஆராதனையில் அந்தப் பெயர்களை, தகப்பன் பெயரும் ஊர்ப்பெயருமாக, உரத்து வாசியுங்கள்.