நம்ம வீட்டுச் சாமானைத் தேடும் ஒரு புத்தகம்

பாடசாலை விடுமுறை வருகிறது. பிள்ளையை எந்தக் கிளாசுக்கு அனுப்புவது, போனை எப்படிக் கையிலிருந்து வாங்குவது என்று யோசிக்கிற உம்மாமார், வாப்பாமாருக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கட வீட்டுச் சாமான்களை வைத்தே பிள்ளைக்கு ஒரு "தேடிப் பார்" போட்டோப் புத்தகம் செய்யுங்கள். கடையில் வாங்கும் புத்தகத்தை விட அது நல்லது என்பது என் கருத்து.

இது புது விசயமில்லை. 1658இலேயே கொமேனியஸ் என்ற கல்வியாளர், படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம் போட்டு, பக்கத்தில் அதன் பெயரை எழுதி, பிள்ளைகளுக்கென்று ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். 1992இல் அமெரிக்காவில் ஜீன் மர்சோலோ எழுத, வால்டர் விக் போட்டோ எடுக்க, 'ஐ ஸ்பை' புத்தகம் வந்தது. சின்னச் சின்னச் சாமான்களைப் பரப்பி வைத்து எடுத்த பெரிய போட்டோக்கள். எதை எதைத் தேட வேண்டும் என்று கீழே சந்தத்தோடு சில வரிகள். அவ்வளவுதான். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

அந்தப் புத்தகங்கள் நல்லவைதான். ஆனால் அதில் இருப்பது அந்த ஊர் வீட்டுச் சாமான். நம்ம பிள்ளைக்கு ஸ்ட்ரோபெரி தெரிகிறது, பனிமனிதன் தெரிகிறது. சுளகைக் காட்டினால் "ட்ரே" என்கிறது. சிரட்டை அகப்பையைக் காட்டினால் "ஸ்பூன்" என்கிறது. பிள்ளையில் பிழையில்லை. வீட்டில் அரிசி புடைக்கிற வேலை நின்றுவிட்டது, அதோடு சுளகும் போய்விட்டது. சாமான் போனால் சொல்லும் போகும்.

நம்ம ஊருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடற்கரைப் பக்கத்து வீடுகளோடு உரல், அம்மி, செம்பு, பெட்டகம், போட்டோ அல்பம் எல்லாம் போயின. பிறகு புது வீடுகள் வந்தன, குடியிருப்புகள் வந்தன. பழைய சாமான் திரும்பி வரவில்லை. அந்த வருடம் பிறந்தவர்கள் இன்று உம்மா, வாப்பா ஆகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களே கண்டிராத சாமானை அவர்களுடைய பிள்ளைக்கு யார் காட்டுவது? பெயர் தெரிந்த மூத்தம்மாமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். காத்தான்குடி நூதனசாலைக்கு வருடத்தில் ஒருநாள் கூட்டிப் போகலாம். புத்தகம் என்றால் பிள்ளையின் தலைமாட்டிலேயே கிடக்கும்.

செய்யும் முறை லேசு. ஒரு பக்கத்துக்கு ஒரு இடம் என்று பிரியுங்கள்: குசினி, வெற்றிலைத் தட்டம், தையல் பெட்டி, கடற்கரை, வயல், பாடசாலைப் பை. ஒவ்வொன்றுக்கும் 20, 25 சாமான் போதும். பன்பாயை விரித்து அதில் பரப்புங்கள். சிலதை முழுசாகத் தெரிய வையுங்கள், சிலதைப் பாதி மறையுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்தால் தேடுவது கொஞ்சம் கஷ்டமாகும். அதுதான் ருசி. காலையில் வாசலோரம், நேரடி வெயில் படாத வெளிச்சத்தில், போனை நேர்மேலே பிடித்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம், செம்பும் கண்ணாடியும் பளிச்சென்று அடிக்கும். ஒரு ஏ4 தாளில் இரண்டு படம் போட்டால் 10 படத்துக்கு 5 தாள். கலர் பிரிண்ட் எடுத்து, லெமினேட் பண்ணி, ஓரத்தில் துளை போட்டு நூலால் கட்டுங்கள்.

கீழே எழுதும் வரிதான் முக்கியம். "கெண்டியைக் கண்டுபிடி" என்று மட்டும் எழுதாதீர்கள். "வுழூ எடுக்கத் தண்ணி ஊத்துவேன், எனக்கு மூக்கு இருக்கு, நான் எங்கே?" என்று எழுதுங்கள். "மூன்று சோகி இருக்கு, ஒன்று பாக்குவெட்டிக்குப் பின்னால" என்று எழுதுங்கள். பின்னால, கீழே, நடுவில, இடப்பக்கம் என்ற சொற்களெல்லாம் பிள்ளைக்கு அப்படித்தான் படியும்.

சிறு பிள்ளை உள்ள வீட்டில் ஒரு கவனம். பொத்தான், விதை, சோகியை வாயில் போட்டுவிடும். போட்டோ எடுத்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். உருவப்படம் வேண்டாம் என்று நினைக்கும் வீட்டிலும் இதற்குத் தடையில்லை, பொருட்கள் மட்டும்தானே.

"இதால மார்க்ஸ் கூடுமா சேர்?" என்று கேட்பார்கள். முன்பள்ளிப் பிள்ளையிடமே புலமைப்பரிசிலைப் பற்றிப் பேசுகிற ஊர் நம்மட ஊர். நான் வகுப்பில் காண்பதைச் சொல்கிறேன். ல, ள, ழ மூன்றையும், ன, ண இரண்டையும் பிரித்துப் பார்க்க, முதலில் கண் நிதானமாகப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு பக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்து சுமைதான். நாம் பென்சிலைச் சீக்கிரம் கொடுக்கிறோம், பார்க்கவும் பேசவும் நேரம் கொடுப்பதில்லை.

"போனில் இந்த மாதிரி விளையாட்டு நிறைய இருக்கே" என்றும் சொல்வார்கள். இருக்கு. கண்டுபிடித்தால் மணி அடிக்கும், அடுத்தது வரும். ஆனால் "இந்தப் பாக்குவெட்டி யாருடையது?" என்று பிள்ளை கேட்டால் போன் பதில் சொல்லாது. "என்ட உம்மாட" என்று மூத்தம்மா சொல்வா, அதோடு ஒரு கதையும் சொல்வா. புத்தகத்தின் உண்மையான பாடம் அந்தக் கதைதான்.

ஒரு முன்பள்ளியில் 20 பிள்ளை என்றால், வீட்டுக்கு ஒரு பக்கம் போட்டாலே 20 பக்கப் புத்தகம். ஆசிரியைமார் நினைத்தால் ஒரு தவணைக்குள் முடிக்கலாம். செலவைப் பெற்றோர் பங்கிட்டால் யாருக்கும் பாரமில்லை.

இந்தக் கிழமை வீட்டு அலுமாரியின் மேல்தட்டைத் திறந்து பாருங்கள். என்ன மிச்சம் இருக்கிறதோ எடுங்கள். அதன் பெயரை மூத்தம்மாவிடம் கேட்டு, அவ சொல்லும் விதத்திலேயே எழுதி வையுங்கள். படம் நாளைக்கும் எடுக்கலாம். பெயரை இன்றைக்கே கேளுங்கள்.