'ஐ ஆம் எ ஃப்ரெஞ்ச்' - தப்பு யார் மேல்?

இணையத்தில் எனக்கு ஒரு பிரெஞ்சுத் தோழி உண்டு. அவள் எனக்கு பிரெஞ்சு சொல்லித் தருவாள், நான் அவளுக்கு ஆங்கிலம். பண்டமாற்று! போன வாரம் தன் பரீட்சைத் தாளைக் காட்டினாள். ஒரே பத்தியில் நான்கு சிவப்புக் கோடுகள். நான்கும் 'எந்த நாட்டுக்காரர்' என்று சொல்லும் சொற்களில்தான். "எனக்கு ஞாபக சக்தியே இல்லை" என்று புலம்பினாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிரெஞ்சில் ஆளைக் குறித்து 'ஒரு பிரெஞ்சுக்காரர்' என்றால் பெரிய எழுத்து. மொழியையோ, 'பிரெஞ்சுப் படம்' என்பதையோ எழுதினால் சின்ன எழுத்து. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. இது ஒரு நாளில் பழகிவிடும்.

தலைவலி அடுத்ததுதான். பிரெஞ்சில் 'ஃப்ரான்ஸே' என்ற ஒரே சொல் படத்துக்கும் ஆகும், ஆளுக்கும் ஆகும். பெண் என்றால் 'ஃப்ரான்ஸேஸ்', அவ்வளவே. ஆங்கிலத்தில் 'எ ஜெர்மன்' சரி. அதை நம்பி 'எ ஃப்ரெஞ்ச்' என்று எழுதினால் தப்பு! 'ஃப்ரெஞ்ச்மேன்' அல்லது 'ஃப்ரெஞ்ச்வுமன்' என்று எழுத வேண்டுமாம். மேசை நாற்காலிக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் பார்க்காத ஆங்கிலம், இவள் தன்னைப் பற்றிச் சொல்லும்போது பார்க்கிறது. போதாததற்கு ஸ்பெயின் நாட்டுக்காரர் 'ஸ்பானியர்ட்', போலந்து நாட்டுக்காரர் 'போல்', டென்மார்க் நாட்டுக்காரர் 'டேன்'.

இதையெல்லாம் நாடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் வேலை என்பது என் கட்சி. காதால் பிரித்துக் கொடுத்தால் போதும். 'அன்' என்று முடிந்தால் பன்மைக்கு 'ஸ்' சேரும்: இட்டாலியன்ஸ், அமெரிக்கன்ஸ், ஜெர்மன்ஸ். 'ஷ்', 'ச்', 'ஈஸ்' என்று முடிந்தால் சேராது. 'த ஐரிஷ்', 'த ஃப்ரெஞ்ச்', 'த சைனீஸ்' என்றாலே அந்த மக்கள் எல்லோரும்தான்.

தன்னைச் சொல்லவோ இன்னும் சுலபம். அவள் மொழியிலேயே 'ழ ஸுயி ஃப்ரான்ஸேஸ்' என்பதில் 'ஒரு' கிடையாது. அதை அப்படியே வைத்தால் 'ஐ ஆம் ஃப்ரெஞ்ச்'. முடிந்தது! தெரிந்த இடத்திலிருந்து தொடங்காமல் அட்டவணையிலிருந்து ஏன் தொடங்குகிறார்கள்?

வெளிநாட்டில் ஒருவர் முதலில் பேசும் வாக்கியமே 'நான் இந்த நாட்டுக்காரி' என்பதுதான். அதிலேயே சிவப்புக் கோடு விழுந்தால், இரண்டாவது வாக்கியத்துக்கு வாய் எப்படித் திறக்கும்? அவள் ஞாபக சக்தியில் குறை இல்லை நண்பர்களே, அட்டவணையில்தான் குறை.