பத்திரத்தை எந்த பீரோவில் வைக்கிறீங்க?

இரண்டாவது ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி. லேப்டாப்ல இடம் பத்தலைன்னு எங்க டீம்ல ஒருத்தன் பழைய ஃபோல்டர்களை ஷிஃப்ட் டெலிட் அடிச்சான். அதோட ப்ராஜெக்ட் ஃபோல்டரும் போயிடுச்சு. "பயப்படாதீங்கடா, எல்லாம் கிட்ல இருக்கு"ன்னான். இருந்துச்சு. ஆனா அந்த கிட்டும் அதே ஃபோல்டருக்குள்ளதான் இருந்துச்சு.

தப்பு அவன் மேல மட்டும் இல்லை. 'கிட் இனிட்' கொடுத்தால், நாம் வேலை செய்யும் ஃபோல்டருக்குள்ளேயே '.கிட்' என்று ஒரு மறைவான ஃபோல்டர் உருவாகும். கமிட், பிராஞ்ச் எல்லாம் அதற்குள்தான். வெளியே தெரியும் ஃபைல்கள் இன்றைய நிலை. உள்ளே இருப்பது முழு வரலாறு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

பிரிக்கும் வழி கிட்டிலேயே இருக்கு. 'கிட் இனிட்' கூட 'செபரேட் கிட் டிர்' ஆப்ஷனைச் சேர்த்து, வேறொரு இடத்தைக் காட்டினால் வரலாறு அங்கே போய்விடும். வேலை ஃபோல்டரில் '.கிட்' என்ற பெயரில் ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் மிஞ்சும். அதில் அந்த இடத்தின் முகவரி ஒரே வரியில் இருக்கும். பாதியில் இருக்கும் ப்ராஜெக்ட்டுக்கும் இதைச் செய்யலாம். பிறகு ஃபோல்டரே அழிந்தாலும், கமிட் செய்த கோடு திரும்பக் கிடைக்கும்.

ஆனா இது மட்டும் போதாது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பேய்மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம். பத்திரம், மார்க் ஷீட் எல்லாம் வீட்டோடு சேர்ந்து போனது. பிறகு அரசு சிறப்பு முகாம் போட்டு நகல் கொடுத்தது. கொடுக்க முடிந்தது ஏன்? பதிவு இன்னொரு இடத்தில் இருந்ததால்தான்.

அதே டிஸ்க்கில் இன்னொரு ஃபோல்டர் என்பது அதே வீட்டில் இன்னொரு பீரோ. அதனால் வரலாறு மட்டும் இருக்கும் 'பேர் ரெப்போ' ஒன்றை வேறு டிஸ்க்கிலோ, நண்பன் லேப்டாப்பிலோ வைத்து, தினமும் புஷ் பண்ணுங்க.

"கிட்ஹப் இருக்கே?"ன்னு கேப்பீங்க. எங்களுக்கும் இருந்துச்சு. கடைசியா புஷ் பண்ணி 3 வாரம் ஆகியிருந்தது. அன்னைக்கு விடிய விடிய ஞாபகத்துல இருந்து கோடு அடிச்சோம். ரிவ்யூல பாதிதான் ஓடுச்சு.

நீங்க கடைசியா எப்போ புஷ் பண்ணீங்க?