நிரையில் பிறந்த பிள்ளைகள்

நிபோங் திபால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கடை ஒன்று உண்டு. போன மாதம் அங்கே மகப்பேறு விடுமுறை பற்றிப் பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் ஆரம்பித்தார்: "எங்கம்மா காலையில ரப்பர் நிரையில மரம் வெட்டுனாங்க, மத்தியானம் என்னைப் பெத்தாங்க. இப்ப உள்ள புள்ளைங்களுக்கு 98 நாள் பத்தலையாம்." சிறு பட்டறை வைத்திருப்பவர் அடுத்து: "இப்படிச் சட்டம் போட்டா எவன்லா பொம்பளைய வேலைக்கு எடுப்பான்?" மூன்றாமவர் நல்ல மனசுக்காரர்: "வயித்துல புள்ள இருந்தா பேசாம வீட்டுல இருந்துட்டா போவுது, அதான் பாதுகாப்பு."

இந்த மூன்றையும் கல்யாண மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன், தொழிற்சாலை அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன்.

பெரியவர் சொன்னது பொய்யில்லை. பைராம், கலிடோனியா என்று இந்த வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு கதை இப்படி இருக்கும். என் பாட்டியும் காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளியைத் தூக்கிக்கொண்டு எட்டாம் மாதம் வரை நடந்தவள்தான். ஏன் நடந்தாள்? காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் நிற்காவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. நாம் இன்று அதை வைராக்கியம் என்கிறோம். அவளுக்கு அது அரிசிக் கணக்கு.

இந்தக் கதைகளைச் சொல்வதெல்லாம் பிழைத்த பிள்ளைகள். 1957இல் மலாயாவில் ஆயிரம் குழந்தை பிறந்தால் எழுபத்தைந்துக்கு மேல் ஒரு வயதைக் காணாமலே போயின. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. பாட்டி பெற்றது ஏழு, பெயர் சொல்வது ஐந்து. மற்ற இரண்டைப் பற்றிக் கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவாள்.

பழம்பெருமை பேசுகிறவர்கள் சௌகரியமாக மறந்துபோகும் ஒன்றும் உண்டு: ஆயாக் கொட்டகை. விடியற்காலை பிள்ளையை அங்கே தொட்டிலில் போட்டுவிட்டு வெட்டுக்குப் போவார்கள், பால் கட்டினால் ஓடிவருவார்கள். துரைமார் இரக்கப்பட்டுக் கட்டியதல்ல அது. காலனிக் காலத் தொழிலாளர் சட்டம் கட்ட வைத்தது. தோட்டக் கதையை முன்மாதிரி என்று காட்டுவதானால் கொட்டகையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். பத்து காவான் தொழிற்பேட்டைக்குப் போகும் பெண்களில் எத்தனை பேருக்கு இன்று அப்படி ஒரு கொட்டகை இருக்கிறது?

பட்டறைக்காரர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அதற்கு முன்னால் பொய்ப் பாதி. கடுமையான சட்டம் வந்ததால்தான் முதலாளிகள் பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்றால், சட்டம் தளர்வாக இருந்த காலத்தில் என்ன நடந்தது? மலேசிய விமான நிறுவனப் பணிப்பெண் பீட்ரிஸ் பெர்னாண்டஸ் 1991இல் கர்ப்பமானார். கர்ப்பமானால் ராஜினாமா செய்ய வேண்டும் என்பது கூட்டு ஒப்பந்தத்தில் இருந்த விதி. மறுத்தார், வேலை போயிற்று. 2005இல் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் சமத்துவ உறுதி தனியார் ஒப்பந்தம் வரை நீளாது என்று கதவைச் சாத்தியது. 2009இல் தற்காலிக ஆசிரியை நூர்பாடில்லா அகமது சைக்கினுக்குக் கொடுத்த நியமனம், அவர் கர்ப்பிணி என்று தெரிந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. ஆனால் அங்கே எதிர்த்தரப்பு அரசாங்கம், அதனால் அந்தச் சமத்துவ உறுதி செல்லுபடியானது. அப்போது விடுமுறை 60 நாள்தான். 98 நாளைக் கண்டு பயந்து யாரும் இவர்களை விலக்கவில்லை.

98 நாள் நடப்புக்கு வந்தது 2023 ஜனவரி 1இல். பெண்கள் வேலைச் சந்தையை விட்டுக் காணாமல் போனார்களா? அவர்களது உழைப்பாளர் பங்கேற்பு விகிதம் 2022இல் 55.8 விழுக்காடு, மறு ஆண்டு 56.2. இதைச் சட்டத்தின் புண்ணியம் என்று சொல்லமாட்டேன், கோவிட்டிலிருந்து எழுந்ததும் இதில் கலந்திருக்கிறது. பயமுறுத்தியபடி எதுவும் சரியவில்லை, அவ்வளவுதான். கர்ப்ப காலத்தில் வேலைநீக்கம் செய்தால், அது கர்ப்பத்துக்காக அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பாரத்தையும் அதே திருத்தம் முதலாளி தலையில் வைத்தது. நியாயமான பாரம்; கோப்பு அவர் அலமாரியில்தானே இருக்கிறது.

உண்மைப் பாதி இது: பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒருத்தியின் 98 நாள் சம்பளத்தை முதலாளி தனியாகத்தான் சுமக்கிறார். சிங்கப்பூரில் ஒரு பங்கை அரசு திருப்பித் தருகிறது. இந்தியாவில் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர்களுக்கு அந்த நிதியிலிருந்து போகிறது. நம் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் கைவிரல் நசுங்கினால் பணம் உண்டு, பிரசவத்துக்கு இல்லை. பட்டறைக்காரர் கோபப்பட வேண்டியது அதன் மேல். வேலை கேட்டு வந்த பெண்ணின் வயிற்றைப் பார்த்துக் கோபப்பட்டு என்ன பயன்?

மூன்றாமவரின் பேச்சுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது, ஏனென்றால் அது அக்கறை போலக் கேட்கிறது.

எங்கள் தாமானில் ஒரு பெண், தொழிற்சாலை ஆப்பரேட்டர். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு முனையில் பஸ் ஏறுவாள். கர்ப்பமானதைப் பதினான்கு வாரம் வரை சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போனால் லீவு எழுத வேண்டும், காரணம் கேட்பார்கள் என்று கர்ப்பப் பதிவுக்கான பிங்க் புத்தகம் போடுவதைக்கூடத் தள்ளிக்கொண்டே வந்தாள். சொன்னால் 'லைட் டியூட்டி'. ஓவர்டைம் போகும், இரவு அலவன்ஸ் போகும். 1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் மோட்டார் தவணையும் நகராது. அதனால் குமட்டலை அடக்கிக்கொண்டு, கழுவும் திரவ வாடை அடிக்கும் லைனில் பன்னிரண்டு மணி நேரம் நின்றாள். குழந்தையின் உறுப்புகள் உருவாவது பெரும்பாலும் முதல் பத்து வாரத்துக்குள். அவளை நகர்த்தியபோது அந்த வாரங்கள் முடிந்திருந்தன.

சொன்னால் வருமானம் குறையும் என்ற இடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். வீட்டுக்கு அனுப்புவதுதான் பாதுகாப்பு என்ற கொள்கை செய்வது இதைத்தான்: ஆபத்து அதிகமான வாரங்களில் வாயை மூட வைக்கிறது.

வேறு வழி தெரியாமல் இல்லை: பெண்ணை அல்ல, ஆபத்தை அகற்றுவது. 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சிப் தொழிற்சாலை ஆய்வில் கருச்சிதைவு வழக்கத்தைவிடக் கூடுதல் என்று தெரிந்தது. அடுத்து வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் கிளைகால் ஈதர் வகைக் கரைப்பான்களைக் கைகாட்டின. பிறகு அங்கே தொழில்துறை அந்தக் கரைப்பான்களை மெல்ல மெல்ல விலக்கியது. ஜான்சன் கன்ட்ரோல்ஸ் பேட்டரி நிறுவனம், ஈயம் கருவைப் பாதிக்கும் என்று காரணம் சொல்லிப் பிள்ளை பெறக்கூடிய பெண்களை அந்த வேலைகளிலிருந்து மொத்தமாக ஒதுக்கியதை 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. ஈயம் ஆண்களையும்தான் பாதிக்கிறது.

நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் தோட்டப் பெண்களுக்கு மிஞ்சியது மருந்தடிக்கும் வேலை. முதுகில் பாராகுவாட் களைக்கொல்லி, வயிற்றில் பிள்ளை, கையில் உறைகூட இல்லை. தெனாகனித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு 2002இல் இதை ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு தடை அறிவித்த அரசு 2006இல் தளர்த்தி, 2020இல்தான் முழுதாகத் தடைசெய்தது. பதினெட்டு ஆண்டு இழுத்தாலும், கடைசியில் காட்டை விட்டுப் போனது மருந்துதான்.

2024 ஜூன் 1 முதல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் எல்லா முதலாளிகளையும் ஆபத்து மதிப்பீடு செய்யச் சொல்கிறது. அந்தத் தாளில் கர்ப்பிணிக்கு ஒரு பத்தி எழுதுவதில் பெரிய செலவில்லை: எந்த லைனில் ரசாயனம், எங்கே நாற்காலி போடலாம், எவ்வளவு எடை தூக்கலாம், இடம் மாற்றினால் அலவன்ஸ் குறையாது. கடைசி வரி இல்லாவிட்டால் மற்றவை வெறும் தாள்.

எங்கள் தாமான் பெண்ணுக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. 98 நாள் முடிந்து வேலைக்குப் போனாள். கழிப்பறையில் நின்றபடி பால் எடுத்து, ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவருகிறாள். பால் எடுக்கும் பம்பு வாங்கினால் வருமான வரியில் 1,000 வெள்ளி வரை கழிவு உண்டு. வரி கட்டும் அளவுக்கு அவள் சம்பாதிப்பதில்லை. பம்பை வைத்துக்கொண்டு உட்கார ஓர் இடமும் நேரமும் தர வேண்டும் என்று தனியார் துறையில் எந்தச் சட்டமும் இல்லை. நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேட்கலாம், 2023இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் அதற்கு வழியிருக்கிறது. திரும்பிப் போன அன்றே எழுதிக் கொடுத்தாள். பதில் சொல்ல முதலாளிக்கு 60 நாள் அவகாசம். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம் தாண்டியிருக்கும்.